இருபது புட்டிகளும் ஞானராஜின் மீன்வண்டியும்

ரயில் கோவில்பட்டி தாண்டியதும் எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் கேட்டார்.

"ஃபாரின்ல என்ன வேலம்மா பாக்குதிய?"

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கொஞ்சம் தயங்குவேன். சுருக்கமாகச் சொன்னால் புரியாது. விளக்கிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். "பிள்ளைங்க வளர வேண்டிய வயசுல வளராம, வயசுக்கு வர வேண்டிய நேரத்துல வராம இருந்தா, அது ஏன்னு கண்டுபிடிக்கிற இடத்துல வேல பாக்கேன்" என்றேன்.

அம்மாள் கையிலிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முன்னால் சாய்ந்து, "எங்க கொழுந்தன் மவளுக்கு பதினெட்டு முடிஞ்சிட்டு. இன்னும் ஆகல. நாங்க யார்ட்டயும் மூச்சு விடல" என்றார்.

மணியாச்சி வரும்வரை அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. இருபது வருடத்தில் நான் கண்டது இது. எந்த ஊரில் யாரிடம் என் வேலையைச் சொன்னாலும், அவர்கள் குடும்பத்தில் ஒளித்து வைத்த ஒரு பிள்ளை வெளியே வந்துவிடும். எந்த மருத்துவமனையில், எந்தப் பிரிவில் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த முறை நான் விடுமுறைக்கு வரவில்லை. பருவம் வராமல் தள்ளிப்போகும் பிள்ளைகளில் சிலருக்கு மணமும் தெரியாது. பூ, புகை, காப்பி எதுவுமே மூக்குக்கு எட்டாது. அதைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் சுரண்டி முகரும் அட்டைகள் வைத்திருக்கிறோம். பைன் மரம், அதிமதுர மிட்டாய், வெட்டிய புல்வெளி, தோல் பை என்று எல்லாம் இங்கிலாந்து வாசனைகள். திருநெல்வேலியிலும் இந்த ஆய்வைத் தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது நான் கையைத் தூக்கினேன். "அம்பாசமுத்திரத்துப் பிள்ளை பைன் மரத்தை எங்கே கண்டது? அது தெரியாது என்று சொன்னால் மூக்கு வேலை செய்யவில்லை என்று எழுதிவிடுவோமா?" என்று கேட்டேன். கேட்டவள் தலையிலேயே வேலை விழுந்தது. உள்ளூர் மணங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, மாதிரிகளும் கொண்டுவர வேண்டும்.

விமான நிலையச் சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி இருபது பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளையும் வரிசையாக மேசையில் அடுக்கினார்.

"எல்லாம் காலியா இருக்கே?"

"நிரப்பிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புட்டிகளைத் திரும்ப உள்ளே வைத்தார்.

பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டில் தங்கினேன். அண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது. எஸ்தர் மதினி மட்டும் இருக்கிறாள், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குளித்துவிட்டு வருவதற்குள் சொதியும் இஞ்சித் துவையலும் தயாராக இருந்தன. நான் வாழும் ஊரில் சமையல் மணம் வெளியே போனால் அண்டைவீட்டார் என்ன நினைப்பார்களோ என்று ஜன்னலை மூடுவேன். இங்கே தேங்காய்ப்பால் மணம் தெருமுனை வரை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. முதல் மூன்று புட்டிகளும் மதினியின் அஞ்சறைப் பெட்டி பக்கத்திலேயே நிரம்பின: பெருங்காயம், சுக்கு, காப்பித்தூள்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று மதினி கேட்டாள். சொன்னேன். சொல்லி முடித்ததும், முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒரு பெயர் வாயில் வந்துவிட்டது.

"மதினி, எங்ககூட கொயர்ல ஞானராஜ்னு ஒருத்தன் பாடுவான். இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா?"

"மீன்வண்டி ஞானராஜா? நல்லாத் தெரியுமே. உவரில மீன் எடுத்து அம்பைக்குக் கொண்டுபோவான். வாரத்துல ஒருநா இங்கயும் வருவான். நல்ல மீனா குடுப்பான், பாவம்."

அந்தப் 'பாவம்' எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அன்று மாலை கோயில் பக்கம் நடந்தேன். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். கொயர் நிற்கும் படிகள் அப்படியே இருந்தன. பிளஸ் ஒன் வருடம், எங்களோடு பாடிய பையன்கள் எல்லோருக்கும் குரல் உடைந்து, டெனர், பேஸ் என்னும் ஆண்குரல் வரிசைகளுக்கு இடம் மாறிவிட்டார்கள். ஞானராஜ் மட்டும் எங்கள் வரிசையிலேயே, எனக்கு இடப்பக்கம், பெண்களோடு நின்றான். மீசை அரும்பவில்லை. கை கால் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. அவன் வாய் திறந்தால் குரல் நேராக மேலே போய்க் கூரை மரத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்சநேரம் அங்கேயே நிற்கும். அவன் மூச்சு விடும் இடத்தில்தான் நாங்களும் மூச்சு விடுவோம்.

ஒருநாள் ஒத்திகை முடிந்து நடந்து வரும்போது என் தலையிலிருந்த பிச்சிப்பூவைக் காட்டி, "பூ மணம் மணம்னு சொல்லுதியளே, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டான். கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். கேலி இல்லை. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே எந்த மணமும் தெரியாதாம். "யார்ட்டயும் சொல்லிராத" என்றான்.

நான் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் பையன்கள் காதுக்குப் போய்விட்டது. கிறிஸ்துமஸ் ஆராதனையன்று எவனோ ஒருவன் ஞானராஜின் அங்கிப் பையில் ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டைப் போட்டுவிட்டான். படியில் வரிசையாக நிற்கும்போதே எனக்கு நாற்றம் அடித்தது. விஷயம் உடனே புரிந்தது. சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். அவன் முதல் சரணத்தைத் தனியாகப் பாடினான். முன்வரிசையில் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. பின்னால் யாரோ சிரித்தார்கள். கொயர் மாஸ்டர் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து, எல்லோர் முன்னாலும் பையை உதறினார். ஞானராஜ் கீழே கிடந்த கருவாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு கொயருக்கு வரவில்லை. அடுத்த வருடம் பள்ளிக்கும் வரவில்லை.

அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். வேலை கிடைத்தது, போனேன். போன முதல் வாரம் எங்கள் தலைவர், மணமும் பருவமும் சேர்ந்தே இல்லாமல் போகும் ஒரு குறைபாட்டைப் பற்றிப் பாடம் எடுத்தார். கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அன்று அதைக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை மருத்துவமனையில் டாக்டர்களோடு கூட்டம். பிள்ளைகளின் வளர்ச்சியையும் பருவத்தையும் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் என் பட்டியலை வாங்கிப் பார்த்து, மண்ணெண்ணெய் என்பதை அடித்தார். "இப்பம் உள்ள பிள்ளையளுக்கு மண்ணெண்ணெய் தெரியாது" என்றார். என் வயதை அந்தக் கோடு எனக்குச் சொல்லியது.

பிற்பகல் மேலப்பாளையம். ஆட்டோக்காரர் நான் சொன்ன அத்தர் கடையை விட்டுவிட்டு அவருடைய மச்சான் கடையில் கொண்டுபோய் இறக்கினார். அது செருப்புக் கடை. அங்கிருந்து தறிச்சத்தம் கேட்கும் தெருக்கள் வழியாக நடந்து போனதில் லாபம்தான். நூல் பாவுக்குப் போடும் கஞ்சியின் மணம், பீடி இலையின் மணம் இரண்டும் கிடைத்தன. அத்தர் கடைப் பெரியவர் என் மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவி, "மூக்கு அல்லா குடுத்த நிஃமத்து, பெரிய கொடை. அது இல்லாம ஒரு பிள்ள இருக்குன்னா, அதுக்காவ நான் துஆ செய்யுதேன்" என்றார். புட்டியை அவரே நிரப்பி, மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் உவரிக்கு பஸ் ஏறினேன். கடற்கரையில் வள்ளங்கள் கரையேறியிருந்தன. வலையிலிருந்து மீனைக் கழற்றும் கைகள், ஏலக்காரரின் வேகம், கோயில் மணி, பனிக்கட்டி உடைக்கும் சத்தம். இதற்கு நடுவே, "பாறை மீனு எத்தன பெட்டிண்ணே? சீலாவ அந்தப் பக்கம் வைங்க" என்று ஒரு குரல் கேட்டது. ஒரு பெண்ணின் குரல் என்று தேடினால், நெடிய மனிதன் ஒருவன் முதுகு காட்டி நிற்கிறான். அந்தக் குரல் ஒரு நாள்கூட வயதாகாமல் இருந்தது.

அவன் திரும்பினான். மழமழவென்ற முகம். கண்ணைச் சுற்றி மட்டும் மெல்லிய சுருக்கங்கள்.

"பியூலாவா? கண்ணாடி போட்டிருக்க!"

முப்பது வருடத்துக்கு அவன் சொன்னது அவ்வளவுதான். பெட்டிகளை ஏற்றி முடிக்கும்வரை ஓரமாக நின்றேன். நிற்கிற நேரத்தில் ஒரு பெண்ணிடம் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் வாங்கிப் புட்டியில் போட்டேன். பட்டியலில் அது இருந்தது. மூடியை அவசரமாகத் திருகினேன்.

அவன் பார்த்துவிட்டான். என்ன என்று கேட்டான். பட்டியலைப் பற்றிச் சொன்னேன்.

"நல்ல வேலதான். எனக்குத் தெரியாத சாமானாப் பாத்துச் சேக்குத" என்று சிரித்தான். "அம்பைக்குத்தான் போறேன். வாயேன், தங்கச்சி ஜெபா வீட்ல சாப்பிட்டுப் போலாம்."

குட்டியானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி. பின்னால் ஐஸ் பெட்டிகள். முன்னால் அவனும் நானும் என் புட்டிப் பையும். தேரிக்காட்டின் செம்மண்ணும் பனைகளும் இரண்டு பக்கமும் ஓடின. ஒரு திருப்பத்தில் நிறுத்தி, பனையோலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் கொடுத்தான். பட்டையை இரு கையாலும் பிடித்துக் குடித்தபோது தாடையில் வழிந்தது. சின்ன வயதில் சுண்ணாம்பு மணத்துக்காகவே மூக்கை உள்ளே விட்டுக் குடிப்பேன். அவன் ஒரே மடக்கில் குடித்தான்.

"மீனு கெட்டுப்போச்சான்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"கண்ணப் பாப்பேன். செவுளப் பாப்பேன். விரல வச்சு அமுக்கிப் பாப்பேன். மணத்த நம்புதவன்தான் ஏமாறுவான்." பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னான்: "மீன் யாவாரம்னா எல்லாவனும் மூக்கப் பொத்துவான். எனக்கு அந்தச் சங்கடம் இல்லல்லா. அதான் இதுக்கு வந்தேன்."

நான் அப்போதே சொல்லிவிடத் தீர்மானித்தேன். "ஞானராஜ், உனக்கு மணம் தெரியாதுங்கிற விஷயம் வெளிய போனது என்னாலதான். நான்தான் சொன்னேன். அன்னைக்கு அங்கி போட்டு நிக்கும்போதும் பையில கருவாடு இருக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லாம நின்னுட்டேன்."

அவன் கியரை மாற்றினான்.

"தெரியும். உன்கிட்ட மட்டுந்தான நான் சொல்லிருந்தேன்."

அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பின் டயர் காற்றுப் போய்விட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகி, பலகை இடுக்கு வழியாகச் சொட்டியது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றும்போது அவன் இடது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு தடவ உடஞ்ச கை. சும்மா வழுக்கி விழுந்ததுக்கே உடஞ்சிட்டு. கனம் தூக்குனா வலிக்கும்."

அதற்கு மேல் என்னால் சிநேகிதியாக மட்டும் இருக்க முடியவில்லை. டாக்டரிடம் எப்போதாவது காட்டினாயா என்று கேட்டேன். இருபது வயதில் ஒருமுறை காட்டினானாம். சத்துக் குறைவு, கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்களாம். "ஒரு பொம்பளப் பிள்ளைய வச்சா சோதிச்சுப் பாக்க முடியும்? அதோட விட்டுட்டேன்."

வழியில் வந்த டிராக்டர்க்காரர் ஒருவர் இறங்கிச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். அவர் வேலை செய்கிற நேரத்தில், வேப்பமரத்தடியில் நின்று நான் ஞானராஜுக்குச் சொன்னேன். நாம் வயிற்றில் இருக்கும்போது, பருவத்தைத் தொடங்கிவைக்க வேண்டிய சில உயிரணுக்கள் மூக்குப் பக்கம்தான் உருவாகின்றன. மணத்துக்கான நரம்பைப் பிடித்துக்கொண்டு அவை மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். சிலருக்கு அந்த நரம்பு சரியாக அமைவதில்லை. அணுக்கள் பாதி வழியில் நின்றுவிடும். அதனால் மணமும் தெரியாது, உடம்புக்கு வயதுக்கு வரச்சொல்லி உத்தரவும் போகாது. அந்தச் சுரப்பு இல்லாமல் எலும்பும் வலுவிழக்கும். ஊசி இருக்கிறது. இந்த வயதிலும் போடலாம்.

அவன் வலிக்கிற கையைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அப்ப நான் ஒண்ணும் தப்புப் பண்ணலியா?" என்று கடைசியில் கேட்டான்.

"நீ என்ன தப்பு பண்ணே?"

"எங்க அம்மா சாகுத வரைக்கும் உபவாசம் இருந்தா. நான் ஏதோ பாவம் பண்ணிட்டேன்னு."

வண்டி கிளம்பியதும் அவனே பேச்சை எடுத்தான். "ஜெபா மவ ஷைனிக்கு பதினேழு வயசாவுது. இன்னும் ஆகல. அவளுக்கும் மணம் தெரியாது." அப்போதுதான் அவன் என்னை ஏன் வண்டியில் ஏற்றினான் என்று எனக்குப் புரிந்தது. என்ன வேலை பார்க்கிறேன் என்பது எஸ்தர் மதினி மூலம் எப்போதோ அவன் காதுக்குப் போயிருந்திருக்கிறது.

அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் மீனை இறக்கிவிட்டு ஜெபா வீட்டுக்குப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. மேற்கே மலை நீலமாக, கையெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் நின்றது. ஜெபாவின் கணவர் துபாயில் இருக்கிறார். வீட்டில் அம்மாவும் மகளும்தான். உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், மீன் குழம்பு. எனக்கு அந்தச் சோற்றின் மணமே பாதிச் சாப்பாடு. ஷைனி முகத்தைச் சுளித்துக்கொண்டு உருட்டினாள்.

"மூணு வருசமா உளுந்துதான் ஆன்ட்டி. உளுந்தங்களி, உளுந்துச்சோறு, உளுந்து வடை. இடுப்புக்கு பெலமாம். இதத் தின்னா ஆயிருவேனாம்."

"வாய மூடுட்டி" என்று ஜெபா அதட்டினாள். அடுத்த நிமிடம் அவள் கண் கலங்கிவிட்டது. தெருவில் கேட்கிறார்களாம். ஷைனியோடு படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் சடங்கு வைத்து மூன்று நான்கு வருடமாகிவிட்டதாம். "கூப்பிடுதாவ. போனா என் பிள்ளையத்தான் பாக்காவ. போவாம இருந்தா அதையும் பேசுதாவ."

நான் பக்குவமாக எல்லாவற்றையும் சொன்னேன். ஷைனி நடுவில் மறித்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன். மாமாவுக்கும் இப்படித்தான? மாமா நல்லாத்தான இருக்காவ? வண்டி ஓட்டுதாவ, எங்களப் பாத்துக்கிடுதாவ, நல்லாப் பாடுதாவ."

ஞானராஜ் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தன் வாழ்க்கை தனக்கு மட்டும்தான் என்று இருந்தவன், அது ஒரு பிள்ளைக்குச் சாட்சியாக நிற்பதை அந்த நிமிடம்தான் கண்டான்.

மாலையில் குடும்ப ஜெபம். ஜெபா சொல்லாமலே அவன் ஒரு கீர்த்தனையைத் தொடங்கினான். முதல் வரி, இரண்டாம் வரி. ஓட்டு வீட்டின் தாழ்ந்த கூரைக்குக் கீழே, ஃபேன் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் எழுந்தது. நான் பதினாறு வயதில் அதன் வலப்பக்கம் நின்றிருந்தேன். மூச்சு விட வேண்டிய இடங்கள் இப்போதும் எனக்கு நினைவிருந்தன. கூடப் பாட வாய் திறந்தேன், வரவில்லை. தொலைத்த ஒன்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதைத் தொட முடியாமல் இருப்பதுபோல இருந்தது.

என்னை பஸ் நிலையத்தில் விடும்போது கேட்டான்.

"ஊசி போட்டா குரல் போயிருமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முன்பு ஒருமுறை அவன் விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றவள்.

"உடையும். பழைய குரல் திரும்ப வராது."

"எங்கிட்ட இருக்க ஒரே நல்ல சாமான் அதுதான் பியூலா."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். அவன் கையை ஆட்டவில்லை. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்த இரண்டு நாட்கள் புட்டிகளோடு அலைந்தேன். டவுனில் சாம்பிராணி, குறுக்குத்துறையில் ஆற்றுப் படித்துறையின் ஈரமண், பழக்கடையில் நார்த்தங்காய். எதிலும் மனம் ஒட்டவில்லை. மூன்றாம் நாள் காலை வாசலில் குட்டியானை வந்து நின்றது. ஞானராஜ், ஜெபா, ஷைனி மூவரும் முன் இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஷைனிதான் முதலில் குதித்தாள்.

"மாமா மருந்து எடுத்தா நானும் எடுக்கேன்னு சொல்லிட்டேன் ஆன்ட்டி. ரெண்டு நாளா யோசிச்சாவ. இன்னைக்கு அவுகளே வண்டிய எடுத்துட்டாவ."

மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். ஜெபாவை வெளியே அனுப்பிவிட்டு ஷைனியிடம் தனியாகப் பேசினார். அவளுக்கு மருந்தைச் சிறு அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும், முழுப் பலன் தெரிய இரண்டு வருடம்போல் ஆகலாம் என்றார். பிற்காலத்தில் பிள்ளை பெறவும் வழி உண்டு என்று சொன்னபோது ஜெபா நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஞானராஜின் எலும்புப் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "உங்க எலும்புக்கு உங்களவிட ரொம்ப வயசு கூட, அண்ணாச்சி. இத்தன நாள் எப்படிப் பெட்டி தூக்குனிய?" என்று கேட்டார். யாரும் சொல்லாமலே ஞானராஜ் ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டான். ஊசி கையில் இல்லை, இடுப்பில்தான் என்று நர்ஸ் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த மேல்ஸ்தாயிச் சிரிப்பை நான் கேட்டது அதுதான் கடைசி.

வெளியே வந்து, "என் ரத்தம் உங்க ஆராய்ச்சிக்கு வேணுமா?" என்றான்.

"வேணும். ஆனா நீ குடுக்கணும்னு இல்ல. குடுக்காட்டாலும் வைத்தியம் நடக்கும். நான் கேக்கவும் கூடாது. நீ என் சிநேகிதன். டாக்டரம்மாதான் உங்கிட்ட பேசணும்."

"ஷைனிகிட்டயும் கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றான். பிறகு இருவரும் கொடுத்தார்கள். அவர்கள் குடும்பத்தில் எந்த மரபணுவில் கோளாறு என்று இதுவரை தெரியவில்லை. எங்களிடம் வருகிற பலருக்கு இன்னும் அதுதான் பதில். தேடிக்கொண்டிருக்கிறோம்.

நான் திரும்பி வந்ததற்குப் பிறகு ஜெபாதான் ஃபோன் செய்வாள். ஞானராஜ் பேச வரமாட்டான். எழுத்தில்தான் செய்தி அனுப்புவான்: 'முகத்தில் முள் முளைக்கிறது.' 'கோபம் வருகிறது, டாக்டரம்மா அளவைக் குறைத்தார்.' 'கை வலி கொஞ்சம் பரவாயில்லை.' பேசேன் என்று நான் எழுதினால், 'குரல் ஒரு நிலையில் நிற்கட்டும்' என்று பதில் வரும். மாதங்கள் போய் வருடமும் தாண்டியது. நான் அவனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன் என்ற நினைப்பு, ஆய்வுக்கூடத்தில் வேலையின் நடுவே வந்துபோகும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. தெரியாத எண். கனத்த, கொஞ்சம் கரகரத்த ஆண்குரல்.

"பியூலா இருக்காளா?"

"பேசுறேன். நீங்க யாரு?"

"ஷைனி பெரியமனுஷி ஆயிட்டா. வீட்டுக்குள்ள ஒரே கூட்டம், பேச முடியல. என் ஃபோன்ல சார்ஜும் இல்ல. அதான் ஜெபா பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன வாங்கி, தெருவுக்கு வந்து பேசுதேன்."

ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஷைனி என்ன செய்கிறாள் என்று கேட்டேன். சடங்கு எல்லாம் வேண்டாம் என்று சண்டை போடுகிறாளாம், ஜெபா கேட்கவில்லையாம். கொஞ்சநேரம் அதையே பேசிச் சிரித்தோம். பிறகு கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"பாட்டு?"

அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "அந்தப் பாட்டெல்லாம் போச்சு. மேல எட்டவே மாட்டேங்குது. முதல்ல ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. வண்டியில கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு அழுதிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினான். "இப்ப அம்பைக் கோயில் கொயர்ல சேந்துட்டேன். பேஸ் வரிசையில, கடைசில நிக்கேன். தப்பும் தவறுமாத்தான் பாடுதேன். ஆனா யாரும் திரும்பிப் பாக்கல, பியூலா."